கோப்புகள் அப்படியே இருக்கும்

மழை வருவதற்கு முன்னாலேயே இடி விழுந்துவிட்டது. கோலா சாவா பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு இது புதிதல்ல. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே, ஆபீஸ் ஊழியர்களுக்கான பத்துப் பன்னிரண்டு ஸ்டாப் வீடுகள். எங்காவது ஓர் இடி விழுந்தால் வரிசையாக எல்லா வீட்டிலும் மெயின் சுவிட்ச் விழும். அன்று வியாழக்கிழமை. தோட்ட ஆபீஸில் கணக்கும் கடிதமும் பார்க்கும் கிராணி வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். நாற்காலியைப் போட்டு ஏறி சுவிட்சை மேலே தள்ளினேன். விசிறி சுற்றியது. ஐஸ்பெட்டி உறுமியது. தம்பியின் பெட்டி மட்டும் நிறுத்தாமல் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.

நாங்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். தம்பி சர்வர் என்பான். ரொட்டி டின் அளவில் கறுப்பாக இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டு வைஃபையோடு இணைத்து, டிவிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தான். எங்கள் போன்களில் எடுக்கிற படம், வீடியோ எல்லாம் தானாகவே போய் அதில் சேர்ந்துகொள்ளும். போன் தொலைந்தாலும், தண்ணீரில் விழுந்தாலும் கவலையில்லை. "நம்ம படத்த ஏங்கா எவன் கம்பனிக்கோ குடுக்கணும்? நம்ம வீட்லயே இருக்கட்டும்லா" என்பான். அவன் சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பகுதியில் இருந்தான். இந்த மாதிரிப் பெட்டிகளோடு பேசிப் பழகியவன்.

அவன் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்து ஐந்து மாதம்கூட இருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. என்னைவிட நான்கு வயது இளையவன்.

நோய் என்று தெரிந்ததும் ரந்தாவ் தமான் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியோடு என் ஸ்டாப் வீட்டுக்கே வந்துவிட்டான். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் நான் ஆபீஸிலிருந்து நடந்து வந்து பார்த்துக்கொள்ள முடியும் என்பதுதான் காரணம். ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஐந்து நிமிட நடைதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். இரண்டு அறையில் ஒன்று சும்மாதான் கிடந்தது.

அவன் போன பிறகும் அவள் போகவில்லை. அவளுடைய அம்மா வீடு சி ரூசாவில், கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. சிலோன் கிறிஸ்தவக் குடும்பம், அவளுடைய அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அவர்களுக்கு முதலில் வருத்தம். பிறகு பழகிவிட்டார்கள். தம்பியை அடக்கம் செய்த மறு வாரம் அவள் அம்மா காரோடு வந்து நின்றார். அவள் சமையலறை வாசலில் நின்றபடி, "கொஞ்ச நாள் அக்காவோட இருக்கேன்மா" என்றாள். அந்தக் கொஞ்ச நாள்தான் இரண்டு வருடமாக நீண்டது. காலையில் போர்ட்டிக்சனில் ஒரு பல் கிளினிக் வேலைக்குப் போவாள். மாலையில் வருவாள். நாங்கள் இருவரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. ஒருத்தி சோறாக்கினால் இன்னொருத்தி பாத்திரம் கழுவுவாள். டிவியில் ஏதாவது ஓடும். அது போதுமாக இருந்தது.

அன்றைக்கு அவள் வந்தபோது மழை பிடித்திருந்தது. குடையை மடக்குவதற்குள் பீப் சத்தம் அவள் காதில் விழுந்துவிட்டது.

"என்னாக்கா சத்தம்?"

"இடி விழுந்துச்சுமா. பெட்டி கத்துது. நிறுத்திட்டு மறுபடி போட்டேன், அப்பயும் கத்துது."

அவள் நனைந்த செருப்போடு உள்ளே வந்தாள். பெட்டியின் முன்பக்கத்து விளக்கு எப்போதும் பச்சையாக இருக்கும். இப்போது மஞ்சளாக மின்னி மின்னி அணைந்தது. தன் போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்தாள். இணைப்பு இல்லை என்று வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடியும் அதேதான்.

"சரியாயிரும்மா. இதுல என்னா இருக்கு, கடையில குடுத்தா செஞ்சி குடுத்துருவான்" என்றேன்.

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இன்னும் பாக்கலக்கா" என்றாள். "அந்த ஃபோல்டர நான் இன்னும் தொறந்தே பாக்கல."

எந்த ஃபோல்டர் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

கடைசி இரண்டு மாதம் தம்பி மத்தியானம் மூன்று மணி வாக்கில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அந்த நேரத்தில் வலி கொஞ்சம் அடங்கியிருக்கும். தண்ணீர் வேண்டுமா என்று பார்க்க நான் ஆபீஸிலிருந்து வருவேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பேசுவது கேட்கும். சொல் புரியாது, குரல் மட்டும் வரும். இடையில் இருமுவான், சற்று நிறுத்திவிட்டு மறுபடி பேசுவான். ஒரு நாள் சிரித்தான்கூட. மனைவிக்கு ஏதோ பேசிப் பதிவு செய்கிறான் என்று புரிந்தது. ஒட்டுக் கேட்பது மரியாதையில்லை என்று சமையலறைக்குப் போய்விடுவேன். எவ்வளவு நல்ல பெண்ணாக நடந்துகொண்டேன் என்று இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. சுவரில் காதை வைத்திருக்கலாம்.

அந்தப் பதிவுகளை அவன் பெட்டியில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தான். அதற்கு 'அப்புறம்' என்று பெயர் கொடுத்திருந்தான். அவள் போனில், கல்யாணப் படங்களுக்கும் எங்கள் அம்மாவின் பழைய பாட்டுகளுக்கும் பக்கத்தில், அதுவும் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் படமாகத் தெரியும். தொட்டால் திறக்கும். அவள் தொடவில்லை. முப்பதாம் நாள் முடியட்டும் என்றாள். பிறகு வருடத் திதி முடியட்டும் என்று நான்தான் சொன்னேன். "இப்ப கேட்டா தாங்க மாட்டம்மா. மனசு கொஞ்சம் தேறட்டும். அது எங்க போயிரப்போவுது?" என்றேன். அவள் தலையாட்டினாள். திதி முடிந்த பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவள் பார்த்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்னும் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

அன்று தரையில் உட்கார்ந்தபடியே இன்னொன்றையும் சொன்னாள். சி ரூசாவில் அம்மா ஒரு வரன் பார்த்திருக்கிறாராம். கோலா பிலாவில் ஆசிரியர். நாற்பது வயது. இரண்டு முறை சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். நல்ல மாதிரியாகத் தெரிகிறது என்றாள்.

"பதில் சொல்றதுக்கு முன்ன அத கேட்டுரணும்னு இருந்தேங்க்கா. ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்து கேக்கலாம்னு. ரெண்டு மாசமா இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறுன்னு..."

அவளுக்கு முப்பத்து மூன்று வயதுதான். இப்படி ஒரு நாள் வரவேண்டும் என்று நானே பல முறை நினைத்ததுண்டு. வந்தபோது முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? இனிமேல் ராச்சாப்பாட்டுக்கு அரைக் கோப்பை அரிசி போதும் என்று நினைத்தேன். நினைத்த மறுகணம் வெட்கமாக இருந்தது. "நல்லதுதானேமா" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை வாசலில் கொண்டுபோய் வைத்தேன்.

தம்பியோடு வேலை செய்தவர் ஒருவர் சிரம்பானில் இருக்கிறார். சாவு வீட்டுக்கு வந்து மூன்று நாளும் நாற்காலி தூக்கிப் போட்ட மனிதர். வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து அவருக்கு போன் செய்தேன். விளக்கு என்ன நிறத்தில் மின்னுகிறது, எத்தனை முறை பீப் என்கிறது என்று கேட்டார். கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, வருகிற எழுத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். மத்தியானம் வீட்டுக்கு வந்து அனுப்பினேன்.

"டிஸ்க் ரெண்டும் நல்லாத்தான் இருக்குக்கா. சிஸ்டம்தான் போச்சு. புதுசா இன்ஸ்டால் பண்ணணும்" என்றார்.

"அப்ப உள்ள இருக்கறதெல்லாம்?"

"அதுக்கு ஒன்னும் ஆவாது. சிஸ்டம் ஒரு மூலையில இருக்கும், உங்க ஃபைலெல்லாம் தனியா இருக்கும். சிஸ்டத்த மட்டும் அழிச்சிட்டு புதுசா போடலாம். செட்டிங்தான் போவும். திரும்ப செஞ்சிக்கலாம். பயப்படாதீங்க. நான் இப்ப ஜோகூர்ல இருக்கேன், அடுத்த வாரம்தான் வருவேன். வந்து செஞ்சி தரவா?"

அடுத்த வாரம் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் அவள் முந்திய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அதோடு ஆபீஸில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் தட்டுகிறவள் என்கிற எண்ணம் எனக்கு உண்டு. "எப்படின்னு சொல்லுங்க, நாங்களே செய்யிறோம்" என்றேன். அவர் ஒவ்வொரு படியாக வாட்சாப்பில் எழுதி அனுப்பினார்.

சனிக்கிழமை காலையில் செய்தோம். மேசையைத் துடைத்து, பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி வைத்தோம். பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. ஊக்கை நிமிர்த்தி அதற்குள் விட்டு அழுத்திப் பிடித்தேன். ஒரு பீப். எடுத்துவிட்டு உடனே மறுபடி அழுத்தினேன். மூன்று பீப். அவள் என் பக்கத்தில் நின்று அவர் எழுதியதை உரக்கப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசோதனை செய்யும் இரண்டு பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

பெட்டி தானே அணைந்து எழுந்தது. லேப்டாப் திரையில் ஒரு பக்கம் வந்தது. சிஸ்டத்தை மறுபடி நிறுவு என்று ஒரு பட்டன். அதன் மேலே, பெரிய எழுத்தில், உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அவள் அதை விரலால் தொட்டுக் காட்டினாள். "போட்டிருக்குக்கா" என்றாள். அவள் முகத்தில் இரண்டு நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் நான்கைந்து வரிகள் இருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். பார்க்கவே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. செட்டிங் போகும் என்று ஒரு வரி. பூட்டிய ஃபோல்டர் ஏதும் இருந்தால் அதன் சாவி கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு வரி. பூட்டிய ஃபோல்டர் நம்மிடம் எங்கே இருக்கிறது என்று என் மனது அதைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: படித்துப் புரிந்துகொண்டேன். ஆபீஸில் ஒரு நாளைக்குப் பத்து முறை அந்தக் கட்டத்தை நான் டிக் செய்கிறேன். அன்றும் செய்தேன்.

பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று ஏறியது. நாற்பதில் ரொம்ப நேரம் நின்றது. அவள் எழுந்து போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தாள். குடிக்காமல் இரண்டு பேரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று போயிற்று. நூறு வந்ததும் பெட்டி மறுபடி அணைந்தது. பிறகு, ஒரே ஒரு பீப். விளக்கு பச்சை.

புதிய சிஸ்டம் எங்களை யாரென்று கேட்டது. அதற்குத் தம்பியைத் தெரியவில்லை. புதிதாக ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கச் சொன்னது. என் பெயரைக் கொடுத்தேன். உள்ளே போனால் எல்லாம் இருந்தது. கல்யாணப் படங்கள். கோயில் திருவிழாவில் அம்மா எடுத்த, ஆடிக்கொண்டே இருக்கும் வீடியோ. தம்பி மோட்டார் வாங்கிய அன்று எடுத்தது. போர்ட்டிக்சன் கடலில் அவள் புடவையோடு விழுந்தது. தீபாவளிக்கு நான் முறுக்குப் பிழிய, அவன் போனை என் மூக்குக்கு அருகே கொண்டுவந்து, "பெரிய கிராணி முறுக்கு சுடுறாங்க, பாருங்கலா" என்று சொல்வது. அதைக் கேட்டு நாங்கள் இருவரும் சத்தமாகச் சிரித்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படத்துக்கும் எதிரில், இது யாருடையது என்று காட்டும் இடத்தில் முன்பு தம்பியின் பெயர் இருக்கும். இப்போது நான்கு இலக்கத்தில் ஓர் எண் மட்டும் இருந்தது. அதை நான் கவனித்தேன். அவளிடம் சொல்லவில்லை.

பட்டியலின் உச்சியில்தான் 'அப்புறம்' இருந்தது. அதன் மேல் ஒரு சின்னப் பூட்டு.

அழுத்தினேன். சாவியை உள்ளிடவும் என்றது.

"இது முன்ன இல்லையேக்கா" என்றாள் அவள். "தொட்டா தொறக்கும். பூட்டெல்லாம் இல்ல."

ஜோகூரில் இருந்தவருக்கு போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அவன் அத பூட்டி வச்சிருந்தானா?" என்றார். "எனக்குத் தெரியாதுக்கா."

பிறகு பொறுமையாக விளக்கினார். யாராவது வீடு புகுந்து பெட்டியைத் தூக்கிப் போனாலும் உள்ளே இருப்பதைக் கேட்கக் கூடாது என்று தம்பி அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் பூட்டியிருக்கிறான். மனைவி ஒவ்வொரு முறையும் சாவி போட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று, பெட்டி எழும்போதே அதைத் தானாகத் திறந்துவிடும்படியும் செய்திருக்கிறான். அந்தச் சாவி பழைய சிஸ்டத்துக்குள் இருந்தது. பழைய சிஸ்டத்தை நாங்கள் அழித்துவிட்டோம்.

"ஃபைலெல்லாம் இருக்குதானே?" என்று கேட்டாள் அவள்.

"இருக்கு தங்கச்சி. ஒன்னும் போவல. எல்லாம் அப்படியே இருக்கு. சாவி இல்லாம தொறக்கத்தான் முடியாது. யாராலயும் முடியாது." பிறகு, "நான் கேட்டிருக்கணும். பூட்டுன ஃபோல்டர் இருக்கான்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "அவரு மேல தப்பில்லமா. அதுல எழுதியிருந்துச்சு. சின்ன எழுத்துல, சாவி இருக்கான்னு பாத்துக்கன்னு. நான் படிச்சேன். படிச்சிட்டுத்தான் அழுத்துனேன்."

 அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து அரிசி கழுவும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழுவினாள். நான் மேசையிலேயே இருந்தேன். திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். அவள் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அவரு சாவிய சொல்ல வந்தாருக்கா."

எனக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரியில. கடைசியா சேத்தோமே, அதுக்கு மறுநாள். 'ஒரு பாஸ்வேர்ட் சொல்றேன், எழுதிக்கோ, எதுக்கும் இருக்கட்டும்'னாரு. நான் அவரு வாயப் பொத்திட்டேன். 'இப்ப எதுக்கு இதெல்லாம், வீட்டுக்கு வந்து நீங்களே போட்டுக்குங்க'ன்னு சொல்லிட்டேன். அவரு சிரிச்சிட்டு சரின்னாரு. மறுபடி சாயந்தரம் ஆரம்பிச்சாரு. நான் கோவப்பட்டு எழுந்து வெளிய போயிட்டேன். எழுதிக்கிட்டா அவரு செத்துருவாருன்னு எனக்கு தோணுச்சுக்கா. எழுதலன்னா சாவ மாட்டாருன்னு."

சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதாள். இரண்டு வருடத்தில் அவள் என் முன்னால் அப்படி அழுததில்லை. சாவு அன்றுகூட வாயில் துணியை வைத்து அடக்கிக்கொண்டவள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அவள் கையிலிருந்த அரிசித் தண்ணீர் என் முதுகையெல்லாம் ஈரமாக்கியது. 'உன் தப்பில்லை' என்று இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

அன்று மாலையிலிருந்து சாவி தேடினோம். அவன் துணிகளை, பழைய தொழிற்சாலை அடையாள அட்டையை, மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தை, டைரியை, மோட்டார் சீட்டுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தோம். லேப்டாப்பைத் தம்பியின் நண்பர் ஜோகூரிலிருந்து திரும்பி வந்து இரண்டு நாள் வைத்துத் துருவினார். ஒன்றும் இல்லை. பிறகு ஊகித்துப் போட்டுப் பார்த்தோம். கல்யாண நாள். அவளை அவன் கூப்பிடும் செல்லப் பெயர். மோட்டார் நம்பர். அம்மா பெயரும் அப்பா பெயரும் சேர்த்து. நாங்கள் சின்ன வயதில் குடியிருந்த தொழிலாளர் லயத்து வீட்டின் எண். அவனும் நானும் மட்டும் பேசிக்கொண்ட, சொற்களைத் திருப்பிப் போட்டுப் பேசும் பாஷையில் சிலவற்றை. ஒவ்வொன்றுக்கும் தவறு என்று சிவப்பில் ஒரு வரி வரும். பிறந்த நாளை எல்லாம் பாஸ்வேர்டாக வைக்கிறவர்களை முட்டாள் என்று கேலி செய்தவன் அவன். அது நினைவுக்கு வந்தாலும் நாங்கள் நிறுத்தவில்லை.

ஒரு மாதம் போல இது நடந்தது. வேலையிலிருந்து வந்ததும் குளிக்காமல்கூட வந்து உட்காருவாள். ஒரு துண்டுத் தாளில் அன்று நினைவுக்கு வந்தவற்றை எழுதி வைத்திருப்பாள். ஒரு நாள் அந்தத் தாளைக் கொண்டுவரவில்லை.

"போதும்க்கா" என்றாள். "ஒவ்வொரு தடவ தப்புன்னு வரும்போதும் எனக்கு அவரத் தெரியாதுன்னு சொல்ற மாதிரி இருக்கு. எனக்கு அவரத் தெரியும்."

நான் லேப்டாப்பை மூடினேன்.

"அதுல உங்களுக்கும் ஏதாச்சும் சொல்லியிருப்பாருக்கா" என்றாள் பிறகு. "நீங்க ஒரு தடவகூட அத சொல்லல."

அதுவரை நான் அப்படி நினைத்ததே இல்லை. அவன் மனைவிக்குப் பேசினான் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன பிறகு அது உள்ளே இறங்கியது. அவன் சிரித்தானே ஒரு நாள், சுவருக்கு அந்தப் பக்கம், அது என்னைப் பற்றியதாக இருக்கலாம். திட்டியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமலும் இருந்திருக்கலாம். மறுநாள் ஆபீஸில் தோட்ட மேனேஜர், எங்களுக்குப் பெரிய துரை, ஒரு கடிதத்தைப் பற்றி மூன்று முறை கேட்டபோதும் நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேனாம். உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போ என்று மலாயில் சொல்லி அனுப்பினார்.

பதிவுகளைக் கேட்ட பிறகுதான் பதில் என்று இருந்தவள், கேட்காமலே சம்மதம் சொன்னாள். அதற்கு முன்பே கோலா பிலாக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். அவர் அவசரப்படுத்தவில்லை. இன்னும் ஆறு மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த காரணமில்லாத கோபம் கொஞ்சம் தணிந்தது.

அவள் போவதற்கு முன்னால், பெட்டியிலிருந்த மற்ற எல்லாவற்றையும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக் கொடுத்தேன். பெட்டியையும் எடுத்துக்கொள், அவன் உனக்காகத்தானே வைத்தான் என்றேன். அவள் யோசித்தாள்.

"வேணாம்க்கா. அங்க கொண்டு போயி வச்சிட்டு, நான் தினம் அதையே பாத்துக்கிட்டு இருந்தா கட்டிக்கப் போறவருக்கு நல்லா இருக்காது. இங்கயே இருக்கட்டும்."

"அப்ப நான் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அதில் இருந்த குத்தல் எனக்கே தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. "நீங்க அக்கா இல்லையா" என்றாள்.

கல்யாணத்தைச் சிரம்பானில் பதிவு அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து பத்துப் பேர்தான். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போவதா வேண்டாமா என்று அன்று காலை வரை முடிவெடுக்கவில்லை. ஊதா நிறப் புடவையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டு கிளம்பினேன். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார் அதிகாரி. மாப்பிள்ளை பக்கம் அவருடைய அண்ணன் எழுந்தார். அவள் திரும்பி, தன் அம்மாவைத் தாண்டி, என்னைப் பார்த்தாள்.

"அக்கா, வாங்க."

எழுந்து போனேன்.  அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மா. என் அடையாள அட்டையையும் அவள் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்பா பெயர்கள் வேறு வேறாக இருந்தன. பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு என்று மலாயில் கேட்டார்.

 செத்துப்போன புருஷனின் அக்கா என்பதை அந்த மேசைக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அவளே முந்திக்கொண்டாள்.

"காக்கா சாயா" என்றாள். என் அக்கா.

அந்த அம்மா மறு கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார். போட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். சிலோன்காரக் கிறிஸ்தவக் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. என் தம்பியைக் கட்டியபோது பழகியது. எழுந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்கு எல்லாரும் போர்ட்டிக்சன் போனார்கள். எனக்கு மதியம் ஆபீஸில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். சனிக்கிழமைகளில் ஆபீஸ் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். கோலா சாவா தாண்டி, தோட்டத்துச் செம்மண் சாலை திரும்பும் இடத்தில் காரை ஓரமாக நிறுத்தினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பங்களாதேஷ்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி, காருக்கு ஏதாவது கோளாறா அக்கா என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டார். இல்லை என்றேன். அவர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.